இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறதா? முதலில் சிலிண்டரைக் கண்டுபிடியுங்கள்

ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் நடுநடுவே ஓர் அடியை விழுங்கிவிட்டு ஓடினால், அதைத்தான் மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்கிறார்கள். கையேடுகளில் இதற்குப் பெயர் மிஸ்ஃபயர். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கும் சீட்டும் உதறும். மேடு ஏறும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்து விடுவதுபோல ஜெர்க் அடிக்கும். சைலன்சர் முனையருகே கையை நீட்டினால் காற்று சீராக வராது, நடுவில் ஒரு ‘புஸ்’ குறையும். அப்புறம், டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் பாகங்களை வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன். “காயிலாத்தான் இருக்கும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் கொடுக்கும் நான்கு காயில்களையும் மாற்றினேன். வண்டி அதே உதறலோடுதான் ஓடியது. கடைசியில் பார்த்தால் ஒரே ஒரு ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். நான்கு காயில்களின் காசு போன பிறகுதான் புரிந்தது: மிஸ்ஸிங் என்றால் வாங்க வேண்டியது பாகம் அல்ல, கேட்க வேண்டியது கேள்வி. எந்த சிலிண்டர்? எப்போது? ஏன்? இந்த வரிசையில் கேட்டால் பாதிக்கு மேற்பட்ட மிஸ்ஸிங்குகளை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

நான் சொல்வதெல்லாம் பெட்ரோல் இன்ஜினுக்கு. டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அது வேறு கதை.

உள்ளே என்ன நடக்கிறது

ஒவ்வொரு சிலிண்டரும் நான்கு வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சும், அழுத்தும், பொறி வைத்து எரிக்கும், புகையை வெளியே தள்ளும். இந்த நான்கும் முடிய, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதாவது இரண்டு சுற்றுக்கு ஒரு சிலிண்டர் ஒரு தடவைதான் எரிகிறது. ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது, நிமிடத்துக்கு 750 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 375 தடவை எரிகிறது, நொடிக்கு ஆறு தடவைக்குச் சற்று மேல். நான்கு சிலிண்டர்களும் சேர்ந்தால் நொடிக்கு 25. அந்த வேகத்தில் நமக்குத் தனித்தனியாக எதுவும் தெரிவதில்லை, ஒரு மெல்லிய உறுமல் மட்டும் கேட்கிறது. அதில் ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் 25-இல் ஆறு காணாமல் போகிறது. கட்டிலை நான்கு பேர் தூக்கிப் போகும்போது ஒருவர் கையை விட்டுவிட்டு, காலை மட்டும் பிடித்துத் தொங்கினால் எப்படி இருக்கும்? எரியாத சிலிண்டர் அதைத்தான் செய்கிறது. தானும் தள்ளாமல், மற்ற மூன்றுக்கும் சுமையாகவும் இருக்கிறது.

ஒரு சிலிண்டர் எரிய மூன்று விஷயங்கள் வேண்டும். ஒன்று, சரியான அளவில் காற்றும் பெட்ரோலும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. இரண்டு, அந்தக் கலவையை இறுக்கும் கம்ப்ரஷன். மூன்று, சரியான நேரத்தில் நல்ல ஸ்பார்க். மிஸ்ஸிங்குக்கு நூறு காரணம் சொன்னாலும் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றுக்குள் வந்து அடங்கிவிடும். இவற்றில் ஸ்பார்க்தான் அடிக்கடி மக்கர் செய்வது, சோதிப்பதற்கும் அதுதான் சுலபம். அதனால் அங்கிருந்து தொடங்குவதில் தப்பில்லை.

விளக்கு கண் சிமிட்டினால்

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு வந்து சேரலாம். விட்டுவிட்டுச் சிமிட்டினால் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுங்கள், பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் எரியத் தொடங்குகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடேறினால் அதற்குள் இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். பிளக்கோடு போக வேண்டிய செலவு கன்வர்ட்டர் செலவாக மாறுவது இப்படித்தான். காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், அடியில் சூடு அவ்வளவு இருக்கும்.

எந்த சிலிண்டர்?

வண்டியின் கம்ப்யூட்டருக்கு, அதாவது ஈசியூவுக்கு, சிலிண்டருக்குள் எட்டிப்பார்க்கக் கண் கிடையாது. கிராங்க் ஷாஃப்டின் வேகத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் ஷாஃப்ட் ஒரு துளி வேகம் எடுக்கும். எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்கவில்லை என்றால், இப்போது எந்த சிலிண்டரின் முறை என்று பார்த்து அதன் பேரில் ஒரு ‘கோடு’ (code), அதாவது கோளாறுக் குறியீடு, எழுதி வைக்கிறது. பி0301 என்றால் ஒன்றாவது சிலிண்டர், பி0302 இரண்டாவது, அப்படியே மேலே. பி0300 என்றால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் இல்லை, அங்கும் இங்குமாகப் பல சிலிண்டர்கள்.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கோடு சொல்வது “இரண்டாவது சிலிண்டர் தள்ளவில்லை” என்பதை மட்டும்தான். ஏன் தள்ளவில்லை என்று அதற்குத் தெரியாது. “ஸ்கேனர் போட்டுப் பார்த்தாச்சு, காயில் போச்சுன்னு காட்டுது” என்று யாராவது சொன்னால், ஸ்கேனர் காட்டியது கோடு, காயில் என்பது அவருடைய யூகம். காயிலின் மின்சுற்றுக்கென்று வேறு கோடுகள் இருக்கின்றன. பி0302 அவற்றில் ஒன்று அல்ல.

கோடைப் படிக்க ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயமானது. அதில் செருகி ப்ளூடூத் வழியாக போனில் காட்டும் சின்ன ரீடரே இந்த வேலைக்குப் போதும். கோடைப் பார்த்தவுடன் அழித்துவிடாதீர்கள். ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று ஒரு பக்கம் இருக்கும். மிஸ்ஸிங் நடந்த நொடியில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு, வேகம் எவ்வளவு, இன்ஜின் சூடாக இருந்ததா என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் அழிக்க வேண்டும். ஒன்றாம் நம்பர் சிலிண்டர் பெரும்பாலும் பெல்ட் இருக்கும் பக்கம். ஆனால் எல்லா இன்ஜினிலும் அப்படி இல்லை, உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். தப்பான முனையிலிருந்து எண்ணி, நன்றாக இருக்கும் சிலிண்டரை மணிக்கணக்கில் நோண்டியவர்கள் நிறைய.

ரீடர் இல்லையா? பழைய முறை ஒன்று உண்டு. இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, பெட்ரோலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் கனெக்டரைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் மோசமாக உதறும். எதைக் கழற்றினால் எந்த மாற்றமும் இல்லையோ அதுதான் ஏற்கெனவே படுத்திருக்கும் சிலிண்டர். அந்தக் காலத்தில் பிளக் வயரை ஓட்டத்திலேயே பிடுங்கிப் பார்ப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். அங்கே ஓடுவது 20,000 வோல்ட்டுக்கு மேல். ஷாக் ஒருபுறம், அந்த மின்சாரம் வேறு வழி தேடி எலக்ட்ரானிக்ஸுக்குள் புகுந்துவிடும் என்பது மறுபுறம். இன்ஜெக்டரைக் கழற்றினால் பெட்ரோலே நின்றுவிடுவதால் கன்வர்ட்டரும் தப்பிக்கும். இந்தச் சோதனையே சில புதுக் கோடுகளைக் கிளப்பிவிடும். முடிந்ததும் அழித்துவிட்டால் போச்சு.

எப்போது?

இதைப் பலர் கேட்பதே இல்லை. ஆனால் பாதி விடை இதில்தான் இருக்கிறது.

பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே பொறி தாண்ட வேண்டும். சும்மா இருக்கும் காற்றில் தாண்டுவது சுலபம், நன்றாக அழுத்தி இறுகிய காற்றில் தாண்டுவது கஷ்டம். மேடு ஏறும்போது, ஓவர்டேக் எடுக்கும்போது, சிலிண்டருக்குள் காற்று நிறையப் போகிறது, அழுத்தமும் கூடுகிறது. அப்போது அதிக வோல்ட்டேஜ் தேவை. தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும் தளர்ந்த காயிலும் அங்கேதான் காலை வாரும். ஆக, ஐட்லிங்கில் அமைதியாக இருந்து லோடில் மட்டும் ஜெர்க் அடித்தால் சந்தேகம் முதலில் ஸ்பார்க் மேல். எரிவாயுவில் ஓட்டும்போது மட்டும் மிஸ்ஸிங் அடித்து, பெட்ரோலுக்கு மாற்றினால் சரியாகும் வண்டிகளிலும் பல நேரம் இதே கதைதான். எரிவாயுக் கலவையைப் பற்றவைக்க இன்னும் பலமான ஸ்பார்க் வேண்டும்.

நேர்மாறாக, ஐட்லிங்கில் உதறி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சரியாகிவிட்டால் ஏர் லீக்கைத் தேடுங்கள். ஐட்லிங்கில் இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம்தான். அதில் ஒரு கிழிந்த ஹோஸ் வழியாகத் திருட்டுத்தனமாக வரும் காற்று பெரிய பங்கு. வேகம் கூடினால் அந்தப் பங்கு ஒன்றுமில்லாமல் போய்விடும். மழை நாளிலோ வண்டியைக் கழுவிய பிறகோ மட்டும் வந்தால், ஈரம் பட்டு மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். சூடான பிறகு மட்டும் வந்தால் முதல் சந்தேகம் காயில் மேல். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் உதறி, கூடவே வெள்ளைப்புகையும் வந்து, கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போனால், அது கொஞ்சம் கவலைப்பட வேண்டிய விஷயம். சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கலாம்.

இடம் மாற்றி வைத்துப் பார்ப்பது

காசு செலவில்லாத, பெரிய கருவி தேவைப்படாத, என் கணக்கில் எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனை இது. இப்போதைய வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு தனிக் காயில் உட்கார்ந்திருக்கும். உங்களிடம் பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஆறட்டும். இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் வையுங்கள், மூன்றாவதின் காயிலை இரண்டாவதில் வையுங்கள். பிளக்கைத் தொடாதீர்கள். கோடை அழித்துவிட்டு, முன்பு எந்தச் சூழ்நிலையில் மிஸ்ஸிங் வந்ததோ அதே சூழ்நிலையில் ஓட்டிப் பாருங்கள். இங்கேதான் அந்த ஃப்ரீஸ் ஃப்ரேம் குறிப்பு கைகொடுக்கும்.

இப்போது பி0303 வந்தால் கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. குற்றவாளி அகப்பட்டுவிட்டது, ஒரு காயில் வாங்கினால் போதும். மறுபடியும் பி0302-தான் வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை அதேபோல இடம் மாற்றுங்கள், இந்தத் தடவை நான்காவது சிலிண்டருக்கு. அதுவும் நகரவில்லை என்றால் மிச்சமிருப்பது இன்ஜெக்டர், அதற்கு வரும் வயர், அல்லது கம்ப்ரஷன்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மூன்றாவதுக்கு மாற்றினால், கோடு நகர்ந்தாலும் எது காரணம் என்று தெரியாது. அவசரப்பட்டு இப்படிச் செய்துவிட்டு மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவது ஒரு தனி எரிச்சல்.

சற்றுப் பழைய வண்டிகளில் ஒரே காயில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் கொடுக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் அந்த ஜோடிகள் 1-உம் 4-உம், 2-உம் 3-உம். ஒரு ஜோடி முழுவதும் சேர்ந்து மிஸ்ஸிங் அடித்தால் காயிலையும், ஜோடியில் ஒன்று மட்டும் அடித்தால் அதன் வயரையும் பிளக்கையும் சந்தேகப்படுங்கள். வயர் இருக்கும் வண்டிகளில் நல்ல இருட்டில் பானட்டைத் திறந்து ஓடும் இன்ஜினைப் பாருங்கள். வயர் கசிந்தால் நீல நிறத்தில் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக்கைக் கழற்றிப் படிப்பது

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை உரிந்துவிடும். உரிந்த மரையைச் சரிசெய்வது மிஸ்ஸிங்கைவிடப் பெரிய தலைவலி. கழற்றுவதற்கு முன் பிளக் குழிக்குள் இருக்கும் தூசியை ஊதி வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் மேலே உள்ள டாப்பெட் கவரின் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். அந்த எண்ணெய் காயிலின் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். கேஸ்கெட்டை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடி இதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

கழற்றிய பிளக்குகளை சிலிண்டர் வரிசையிலேயே ஒரு துணி மேல் அடுக்குங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். முனை இளம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் ஆரோக்கியம். கரி மாதிரி உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் ஏறுகிறது. பெட்ரோல் வாசனையோடு நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. மூன்று பிளக் பழுப்பாகவும் ஒன்று மட்டும் துடைத்துவிட்டதுபோல வெள்ளை வெளேரென்றும் இருந்தால், அந்த ஒரு சிலிண்டருக்குள் கூலன்ட் போய் ஆவியாகி முனையைக் கழுவியிருக்க வாய்ப்புண்டு. பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சில் கோடு போலக் கறுப்புத் தடம் தெரிந்தால், மின்சாரம் முனைக்குப் போகாமல் வெளிப்பக்கமாக இறங்கியிருக்கிறது. அப்படி என்றால் பிளக்கோடு, அதன் மேல் உட்காரும் ரப்பர் உறையையும் மாற்ற வேண்டும். உறையின் உள்பக்கத்திலும் அதே தடம் இருக்கும், அது புது பிளக்கையும் கெடுக்கும்.

பிளக் முனைகளின் இடைவெளியை, மெல்லிய அளவுத் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜால் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை. உங்கள் வண்டிக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். சாதாரண நிக்கல் பிளக் ஏறக்குறைய 30,000 கிலோமீட்டருக்கு வரும், இரிடியம் அல்லது பிளாட்டினம் என்றால் ஒரு லட்சம் வரைகூடப் போகும். இரிடியம் முனை ஊசி போல மெல்லியது. அதைக் கேஜால் நெம்பி இடைவெளி சரிசெய்யப் பார்த்தால் ஒடிந்துவிடும்.

மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே போடுங்கள். பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகித் திருகினால், மரை தப்பாக ஏறும்போது குழாய் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். கடைசி இறுக்கத்துக்குக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவைப் பாருங்கள். டார்க் ரென்ச் இல்லாத நிலையில், வாஷர் உள்ள புது பிளக் அடியில் போய் உட்கார்ந்த பிறகு இன்னும் அரைச் சுற்று, அதிகம் போனால் மூன்றில் இரண்டு பங்கு. வாஷர் இல்லாத கூம்பு வடிவ பிளக் என்றால் பதினாறில் ஒரு பங்குச் சுற்றுதான்.

ஸ்பார்க்கில் தப்பில்லை என்றால்

ஏர் லீக்கைத் தேட முதலில் காதைப் பயன்படுத்துங்கள், ‘உஸ்’ என்ற சத்தம் வரும். அப்புறம் சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைச் சுற்றியுள்ள ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். கிழிசல் பெரும்பாலும் வளைவின் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். சிலர் கார்புரேட்டர் கிளீனரை அடித்து, ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அது சூடான இன்ஜின் மேல் தீப்பிடிக்கும் திரவம், ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் ஓட்டை அதை உறிஞ்சும்போது சத்தம் மாறும். ரீடரில் ‘ஃப்யூயல் ட்ரிம்’ எண்ணை, அதாவது ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை, பார்ப்பது இன்னும் சுத்தமான வழி. ஐட்லிங்கில் அது பிளஸ் பக்கம் அதிகமாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் ஏர் லீக். மாறாக ஆர்பிஎம் கூடக்கூட எண்ணும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டரையும் பம்பையும் பாருங்கள்.

இன்ஜெக்டருக்கு ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவர் போதும். முனையை இன்ஜெக்டர் மேலும், பிடியைக் காதிலும் வைத்தால் டிக் டிக் என்று கேட்கும். பெல்ட்டும் ஃபேனும் சுற்றும் பக்கம் தலையைக் கொண்டுபோகாதீர்கள். ஒன்றில் மட்டும் சத்தமே இல்லை என்றால் கனெக்டர், வயர், இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. எலி கடித்த வயரையும் மறக்காதீர்கள், இது நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தால், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். நல்ல பெட்ரோல் இன்ஜினில் 10 முதல் 13 பார் வரை காட்டும். எண்ணைவிட சிலிண்டர்களுக்குள் இருக்கும் வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால் அதற்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால், நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இங்கே வந்துவிட்டால் வீட்டு வேலை முடிந்தது. ஹெட்டைத் திறக்க வேண்டிய வேலையை நான் பட்டறைக்குத்தான் விடுவேன். ஆனால் “வண்டி உதறுது” என்று சொல்லாமல், “இரண்டாவது சிலிண்டர், காயிலும் பிளக்கும் மாற்றிப் பார்த்தாச்சு, கம்ப்ரஷன் 6 பார்” என்று சொல்லி விடலாம்.

சரிசெய்த பிறகு கோடை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிவந்து, விளக்கு வரவில்லை என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். லேசான மிஸ்ஸிங் என்றால் பல வண்டிகளில் இரண்டு தனித்தனி ஓட்டங்களில் தவறு தெரிந்தால்தான் விளக்கு எரியும். முதல் ஓட்டத்தில் தெரிந்தது ‘பென்டிங்’ என்ற பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். மறுநாள் காலை ஆறிய இன்ஜினைக் கிளப்பி, நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, ஒரு மேட்டிலும் ஏற்றி இறக்கிவிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது காலியாக இருந்தால் ஸ்பேனர்களை எடுத்து வைத்துவிடலாம்.